பல்லி சொன்ன கணக்கு

தில்லைக்கரசி கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு ரூபாய். கைமாற்று வாங்கியதில்லை, முன்பணமும் இல்லை. தின்ற இறாலுக்கு விலை என்று மேனேஜர் சம்பத் சொன்னார். ஒரு நாளைக்கு நாற்பது கிராம், அறுபத்திரண்டு நாள், ஏற்றுமதித் தரத்து இறால் கிலோ ஆயிரத்து நானூறு. பெருக்கிப் பார்த்தால் பைசா பிசகாமல் வரும்.

பிசகு ஒன்றே ஒன்றுதான். அவள் இறாலை நாக்கில் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"நான் திங்கலீங்க சார்."

"நான் சொல்லலம்மா. நீ போட்டிருக்கிற மெஷின் சொல்லுது." சம்பத் திரையை அவள் பக்கம் திருப்பினார். 'இறால்' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடந்தது. "உன் பால்ல இறால் இருக்கு. ஒரு நாள் தப்பாம இருக்கு. ஞாயித்துக்கிழமைகூட இருக்கு."

"ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுங்களே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வீட்டுக்கும் எடுத்துட்டுப் போயிருக்கே."

உன் பால் என்று அந்த மனிதர் வாயால் கேட்கவே அவளுக்கு உடம்பு கூசியது. அடுத்த சம்பளத்திலிருந்து பிடிப்போம், இந்த மட்டும் போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிது என்று சொல்லி அனுப்பினார்.

கொள்ளிடம் கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குக் கிட்டே, உப்புக்காற்றில் துருவேறிய தகரக் கொட்டகைதான் கம்பெனி. அறுபது பெண்கள் வரிசையாக நின்று இறால் உரிப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை ஊசியால் இழுத்து ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். தலையைக் கிள்ளும்போது மஞ்சளாக ஒரு சாறு வழியும். அது நகக்கண்ணில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது. குழம்பில் கை வைத்தால் குழம்பு நாறும், தலை வாரினால் தலை நாறும். தில்லைக்கரசிக்குத் தன் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாலே குமட்டிக்கொண்டு வரும். ஊரில் கல்யாணப் பந்தியில் இறால் தொக்கு வைத்தால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாள். அவளைப் பிடித்துத்தான் இறால் தின்றவள் என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாசலில் காவலாள் நிற்பான். "ஊது" என்பான், குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனைச் சொல்வதுபோல. இறால் வாடை வருகிறதா என்று பார்க்க, அவன் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். அவன் வாயில் அடிக்கிற பான்பராக்கை யார் கணக்கெடுப்பது? இத்தனை வருஷம் அந்த அருவருப்போடு போயிற்று. இப்போது மூக்கை எடுத்துவிட்டு மார்பில் மெஷினை வைத்துவிட்டார்கள்.

மெஷின் வந்தது நல்லதற்கு என்று நம்பித்தான் அவள் ஒட்டிக்கொண்டாள். மகள் தன்ஷிகாவுக்குப் பதினான்கு மாதம். பாதி வயிறு பருப்புச் சோறு, மீதி வயிறு தாய்ப்பால். ஆறாம் மாதத்திலிருந்தே கன்னமும் முழங்கை மடிப்பும் தடித்துச் சிவந்து, சொறியச் சொறிய நீர் வடிந்தது. மலம் சளிசளியாகப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், அம்மா தின்பது ஏதோ பாலில் இறங்கிப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி தாய் நலத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பால் கொடுக்கிற ஏழு பெண்களுக்கும் ஆளுக்கொரு சாம்பல் நிறப் பட்டை. ரவிக்கைக்குள் மார்பின் ஓரமாக ஒட்டிக்கொண்டால் போதும். ஊசிமுனை அளவு பாலை உறிஞ்சி, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய எட்டு வகைத் தீனியில் எது எவ்வளவு பாலில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடும். பிள்ளைக்கு எப்போது தடிக்கிறது என்பதைக் கம்பெனியின் பிள்ளைக் காப்பகத்து ஆயா பதிவாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது ஆகாது என்று தெரிந்துவிடுமாம். காசு ஒன்றும் வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுத்தார்கள். எதற்கென்று யார் படித்தது?

பெண்கள் அதற்குப் பல்லி என்று பேர் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டு கிடப்பதாலும், பொழுதுக்கு இரண்டு தரம் 'ட்ச்' கொட்டுவதாலும். யாராவது ஒரு சேதி சொல்லிக்கொண்டிருக்கும்போது எவள் மார்பிலாவது பல்லி கொட்டினால், "பாத்தியா, பல்லி சொல்லிடுச்சு, அப்ப நெசந்தான்" என்று கொட்டகையே சிரிக்கும். அது சொல்லுகிற சேதி மேனேஜர் மேசைக்கும் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆயா சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாள். தில்லைக்கரசி முதலில் பாலை நிறுத்தினாள். கடுங்காப்பி. பிள்ளைக்குக் குறையவில்லை. பிறகு முட்டையை நிறுத்தினாள். அதற்கும் குறையவில்லை. பிறகு வேர்க்கடலை, அதோடு கடலைச் சட்னியும் போயிற்று. மீனையும் விட்டாள்.

"புள்ள பெத்தவளுக்கு நாப்பது நாளு பத்தியம்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் பக்கத்தில் நின்று உரிக்கிற செண்பகவல்லி. அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "உனக்கு ஆயுசுக்கும் போட்டுட்டாளுவளா? இன்னும் நாலு நாள் போனா நீயே காத்துல பறந்துருவே."

"குறையலியேக்கா. ஒண்ணு விட்டா ஒண்ணுன்னு விடுறேன், அவளுக்குக் கூடிக்கிட்டுத்தான் போவுது."

கூடித்தான் போயிற்று. அட்டவணையில் 'இறால்' மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதை அவள் சட்டை பண்ணவில்லை. "நான்தான் இறாலே திங்கறதில்லியே, மெஷினு கோளாறு" என்றாள். ஆயாவும், "நாள் முச்சூடும் அதுலயே கெடக்கிறீங்க, கையில ஊறி ஏறுதோ என்னவோ" என்று விட்டுவிட்டாள். அப்படியே கிடந்த சிவப்பைத்தான் ஒரு நாள் மேனேஜர் எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்.

சேதி கொட்டகைக்கு வந்தபோது பாதிப் பேர் பரிதாபப்பட்டார்கள். மீதிப் பேர் நம்பினார்கள்.

"தின்னாத்தான் என்னாடி" என்றாள் செண்பகவல்லி, கை நிற்காமல். "ஆமா தின்னேன்னு சொல்லிட்டுப் போ. வாரத்துல ரெண்டு நாள் நான் திங்கலியா. வேவிக்கிற எடத்துல போயி நின்னா ஒண்ணு வாயில விழத்தான் செய்யும்."

"நீ தின்னதுக்கு என் பேருல எழுதறாங்கக்கா."

"எனக்குப் பாலு வத்தி இருவது வருசம். பல்லிக்கு என்கிட்ட என்னா வேலை?"

சிரிப்பு வந்தது, ஆனால் தில்லைக்கரசியால் சிரிக்க முடியவில்லை. மற்ற ஆறு தாய்மாரும் அன்றைக்கே பல்லியைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். அவள் மட்டும் எறியவில்லை. மகளுக்கு என்ன ஆகாது என்று இன்னும் தெரியவில்லையே. அதற்கு இந்தச் சனியனை விட்டால் வேறு வழி இல்லை. மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் இருந்த புருஷன் ராஜகுருவிடம் போனில் சொல்லி அழுதாள். அவன், "உள்ளதைச் சொல்லு, தின்னியா?" என்றான். போனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. நான் திருடவில்லை. மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். அந்த நினைப்பில் அவளும், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஊரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். மெஷின் கண்டுபிடிக்க வந்தது திருட்டை அல்ல.

மேனேஜர் கூப்பிட்ட பதினோராம் நாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன்ஷிகா காம்பை விட்டுவிட்டு வாந்தி எடுத்தது. முகத்தைத் துடைத்துப் பார்த்தால் உதடு இரண்டும் அதிரசம் மாதிரி உப்பியிருந்தது, கண் இடுங்கிப் போயிற்று. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். தொடையில் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் உப்பல் வடிந்து பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்ட பிறகுதான் தில்லைக்கரசி தரையில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் எஸ்தர் சீட்டு எழுத வந்தாள்.

"காலையில என்னா சாப்புட்டே?"

"பழைய சோறுக்கா."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்ல. பாலு இல்ல, முட்டை இல்ல, கடலை இல்ல, மீனு இல்ல. எல்லாத்தையும் விட்டாச்சு."

"பழைய சோத்தை வெறுமனேவா முழுங்கினே?"

"கூனிப்பொடிதான். வேற என்னா இருக்கு."

எஸ்தரின் பேனா நின்றது. "எத்தினி நாளா?"

"அது எப்பவும் உள்ளதுதான். பத்தியம் புடிச்சதுலேருந்து மூணு வேளையும் அதான்."

"உங்க மெஷின்ல இறால்னு வருதுன்னு சொன்னாங்களே, செவப்பா வருதா?"

"வருது. ஆனா அது பொய்யிக்கா. நான் இறாலு திங்கறதில்ல, ஊருக்கே தெரியும்."

"கூனி என்னாடி அப்ப?"

"கூனி கூனிதான்."

எஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கூனியும் இறாலும் ஒரே சாதிடி. அதே ஓடு, அதே மீசை, அதே வளைஞ்ச முதுகு. நாளைக்கு ஆயிரம் இறாலு உரிக்கிறே, ஒரே ஒரு கூனிய வெளிச்சத்துல தூக்கிப் பாத்ததில்லியா நீ?"

பார்த்ததில்லை. அந்தக் கரையில் யார் பார்த்திருக்கிறார்கள்? இறால் என்றால் எண்ணுவார்கள், நிறுப்பார்கள், ஐஸில் வைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். நகக்கண் அளவுகூட இல்லாத சென்னாக்கூனி மணலோடு மணலாகக் காய்ந்து கிடக்கும். படியில் அள்ளிப் போடுவார்கள், மிச்சத்தைக் கோழிக்கு வீசுவார்கள். அதை வறுத்து மிளகாயும் பூண்டும் வைத்து இடித்தால் பொடி. அந்த வாசனையில் கம்பெனி நாற்றம் ஒரு துளியும் இல்லை. இறால் தின்றாயா என்று கேட்டால் கூனி தின்றவள் இல்லை என்றுதான் சொல்வாள். அது பொய்யே இல்லை.

எஸ்தர் தன் போனில் மெஷினின் விவரத்தைத் தேடி எடுத்தாள். "இங்க பாரு. இங்கிலீசுல, ஓடும் காலும் உள்ள எனம் பூராவும்னு போட்டிருக்கான். தமிழ்ல போட்டவன் சோம்பேறி, இறால்னு ஒத்தச் சொல்லுல முடிச்சுட்டான். நீ நண்டு தின்னிருந்தாலும் அது இறால்னுதான் சொல்லும்."

"அப்ப பல்லி சொன்னது..."

"நெசந்தான். உங்க ஆளுங்கதான் அதைத் திருட்டுன்னு படிச்சிருக்காங்க. நீ பொய்யின்னு படிச்சிருக்கே. நடுவுல புள்ளைக்குத் தோலு உரிஞ்சுபோச்சு."

தில்லைக்கரசி எழுந்து வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற பொடியின் காரம் மூக்குவரை ஏறியது. ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த அதையே அள்ளி அள்ளித் தின்று, அதையே பாலாக்கி ஊட்டியிருக்கிறாள். இரண்டு மாதமாகப் பதில் அவள் மார்பிலேயே ஒட்டிக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதெல்லாம் திருடி என்கிற ஒரு சொல்லைத்தான்.

கூனியை விட்டாள். இரண்டு நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் பீய்ச்சி ஊற்றச் சொன்னாள் எஸ்தர். ஐந்தாம் நாள் கன்னத்துத் தடிப்பு அடங்கி, முழங்கை மடிப்பில் காய்ந்த தோல் உதிர்ந்தது. ஆறாம் நாள் தன்ஷிகா சொறியாமல் தூங்கியது. பல்லி பச்சை காட்டியது.

ஏழாம் நாள் சம்பத் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா" என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி. "புடிச்சப்புறம் நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அது கூனி சார்."

"என்னது?"

"கூனிப்பொடி. கூனி தின்னாலும் உங்க மெஷின்ல இறாலுன்னுதான் வருமாம். நர்சக்கா காட்டினாங்க."

சம்பத் சிரித்தார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இங்கியே உக்காந்து தின்னு காட்டுறேன். நீங்களே மெஷினப் பாருங்க."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்று அவர் சொல்லும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே செண்பகவல்லி வந்து நின்றாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் பின்னால் ஆறு தாய்மார், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். காலையில் இறங்கிய சரக்கு ஒன்றரை டன் கொட்டகையில் கிடந்தது. ஒரு மணி நேரம் கை நின்றால் தலையிலிருந்து கறுப்பு இறங்கிவிடும், அப்புறம் அதை நாய்கூட வாங்காது. சம்பத் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, தின்னு."

ஏ.சி. அறையில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். நீராகாரத்தை வடித்து, சோற்றின் மேல் பொடியைக் கொட்டிப் பிசைந்தாள். சம்பத் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாள் முழுக்க இறால் தலை அழுகுகிற வாடையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற மனிதருக்கு ஒரு பிடி கூனி நாறியது. தில்லைக்கரசிக்கும் ஒவ்வொரு உருண்டையும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. முன்பு ருசித்துத் தின்ற பொடிதான். இப்போது பிள்ளையின் தோலைத் தின்பதுபோல இருந்தது.

பதினோரு மணிக்கு ஆயா தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பால் கொடுக்கிற வேளை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. தில்லைக்கரசியின் ரவிக்கை நனைந்தது. அவள் எழவில்லை. ஆயா டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் காட்டினாள். பிள்ளை அதைத் தட்டிவிட்டுக் கத்தியது. கண்ணாடி தடியாக இருந்ததால் கத்துவது தெரிந்ததே ஒழியக் கேட்கவில்லை. சம்பத் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்குப் பல்லி கொட்டியது. திரையில் 'இறால்' சிவந்தது. முப்பத்தெட்டு கிராம் என்று எழுதிக் காட்டியது.

அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, ஏதோ நல்லது சொல்கிறவர்போலச் சொன்னார். "இது எனக்கு மொதல் நாளே தெரியும்மா. இங்கிலீசுல தெளிவாத்தான் போட்டிருக்கு."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"எடைக் குறைவு கூடிட்டே போவுதுன்னு மேலேருந்து கேக்கறாங்க. ஐஸ் உருகிப்போச்சுன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஒரு பேரு எழுதித்தானே ஆவணும். உன்னுதுலதான் தெனமும் செவப்பு இருந்துச்சு."

அவள் எழுந்து பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி விட்டாள். கழிப்பறைத் தண்ணீரும் கொட்டகை கழுவின தண்ணீரும் ஒரே சாக்கடையில்தான் விழும். மஞ்சள் சாறோடு வெள்ளையாக ஓடியது. ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். தெருநாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. அன்றும் மறுநாளும் பிள்ளை பாலுக்கு அலறியது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காலை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில், தப்பில்லாத தமிழில் இருந்தது. கம்பெனி வளாகத்துக்குள் கூனி, கூனிப்பொடி, நண்டு முதலியவற்றைக் கொண்டுவருவதும் உண்பதும் இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது. மீறினால் இறால் தின்றதாகவே கொள்ளப்படும். காவலாள் அறுபது தூக்குவாளியையும் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் கூனிப்பொடிப் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன.

"ஒரு நாளைக்குப் பத்து ரூவாய்ல கறி தின்ன நெனப்புல சாப்புட்டுக்கிட்டு இருந்தோம்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, யாரையும் பாராமல். "உத்தமி ஒருத்தி வந்து அதுலயும் மண்ணப் போட்டா."

செண்பகவல்லி அவளை முறைத்தாள். ஆனாலும் தன் பொட்டலத்தைக் குவியலில் போட்டபோது அவளும் தில்லைக்கரசியைப் பார்க்கவில்லை.

சம்பத் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தார். திரையில் அவள் பேருக்கு நேரே தொகை இருந்தது, அதன் கீழே இரண்டு கட்டம்.

"பிடித்தம், தள்ளுபடி. ரெண்டுதான் இருக்கு. தள்ளுபடின்னு போட்டுடறேன், சந்தோசமா போ."

தில்லைக்கரசி இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நான் திங்கலன்னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

"அப்படி ஒண்ணு இதுல வெக்கலம்மா."

"தப்பா எழுதிட்டோம்னு?"

"அதுவும் இல்ல."

காப்பகத்தில் பால் கொடுக்கிற பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பால் இன்றைக்குச் சுத்தமாகிவிட்டது, எஸ்தர் காலையிலேயே சொல்லிவிட்டாள். மகளுக்கு எது ஆகாது என்று தெரிந்துபோயிற்று, இனி மெஷின் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் முந்தானைக்குள் கையை விட்டுப் பல்லியைப் பிய்த்து எடுத்தாள். வெதுவெதுப்பாக, ஈரமாக வந்தது. அதை அவர் மேசையில், விரலுக்குக் கிட்டே வைத்தாள்.

சம்பத் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இரண்டு மாதம் அதிலிருந்து வந்ததைத்தான் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு காகிதத்தைக் கிழித்து, அதன் நுனியால் அதைத் தள்ளித் தள்ளிக் குப்பைக்கூடைக்குள் விழவைத்தார். பிறகு கையில் ஒன்றும் படாமலே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, தள்ளுபடி என்ற கட்டத்தைத் தட்டினார்.

மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு அழிந்து அந்த இடத்தில் சுழியம் விழுந்தது. காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், 'கருணை' என்று கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது.